கடல் தெரியாத பலாவ் கடை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் கோஷ்தெராக் நகரத்தில் கடைகளையும் கடைக்காரர்களையும் நட்சத்திரம் கொண்டு அளப்பது என்று முடிவாகி வெகு நாளாகிறது. அதற்கு முன்பெல்லாம் ஒரு கடையில் சோறு நன்றாக இருக்குமா என்று தெரிய வேண்டுமானால், உள்ளே போய்ச் சாப்பிட்டுப் பார்க்கிற காட்டுமிராண்டி வழக்கம் இருந்தது. இப்போது நாகரிகம் வந்துவிட்டது. போனைத் திறந்து பார்த்தால் போதும். ஐந்து நட்சத்திரம் என்றால் நாக்கில் எச்சில் ஊற வேண்டும். இரண்டு என்றால் வாசனை தெருவையே தூக்கிக்கொண்டு போனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்துவிட வேண்டும். என் மைத்துனன் மகளுக்கு வரன் பார்த்தபோது, பையனுடைய சலூனுக்கு மூன்றரை நட்சத்திரம்தான் என்று சொல்லி வேண்டாமென்று விட்டார்கள். பையன் எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை.

நான் பல் டாக்டர். ஒரு காலத்தில் இந்த ஊர் வாய்களுக்கெல்லாம் தங்கப் பல் கட்டியவன். இப்போது அதே வாய்களிலிருந்து அதே தங்கத்தைப் பிடுங்கிவிட்டு, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பல் வைக்கிறேன். வைத்ததற்கும் கூலி, பிடுங்கினதற்கும் கூலி. ஆகவே நாகரிகத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் கோபம் எதுவும் இல்லை. ஆனால் என் கிளினிக்குக்கும் எர்காஷ் அகாவின் பலாவ் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் இந்தப் பக்கம் கேட்டது. கேட்டதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

மூத்தவர்களை நாங்கள் அகா, அதாவது அண்ணன், என்போம்; எர்காஷ் அகா விடிவதற்கு முன்னால் அண்டாவை ஏற்றுவார். ஆட்டு வால் கொழுப்பு உருகி, மஞ்சள் கேரட் வதங்கி, தேவ்ஸிரா அரிசி உதிரி உதிரியாக நிற்கும்போது ஊர்ப் பெரியவர்கள் தொழுகை முடிந்து வந்து கடை முன்னால் சாப்பிடப் போட்டிருக்கிற அகலக் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது அண்டா காலி. அதற்கப்புறம் நகரத் தலைவரே வந்தாலும் "முடிஞ்சுபோச்சு, நாளைக்கு வாங்க" என்பதுதான் பதில். பலாவ் மத்தியானத்தோடு தீரவில்லை என்றால் அந்தக் கடையில் ஏதோ கோளாறு என்று எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஒரு நாள் அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் கிளினிக்குக்குள் வந்தார். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். அதையெல்லாம் அகா பார்ப்பதில்லை.

"டாக்டர், கொஞ்சம் இதைப் படிங்க. எவனோ எனக்குக் கூட்டாளியாம். நான் எவனோட கூட்டு சேர்ந்தேன்?"

படித்தேன். "மதிப்பிற்குரிய கூட்டாளி அவர்களுக்கு, தங்கள் கடையின் உயர்ந்த நற்பெயரைக் கண்டு அகமகிழ்கிறோம். அது அப்படியே நீடிக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை. பிரார்த்தனைக்கான மாதக் கட்டணம் கீழே உள்ளது." அதன் கீழே ஒரு தொகை. அந்தத் தொகைக்கு நல்ல செம்மறி ஆடு வாங்கலாம், கூடவே அதைக் கட்டக் கயிறும் வாங்கலாம். அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது.

எர்காஷ் அகா அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போட்டார். நானும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"அகாஜான்! சுகமா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க? உடம்பு எப்படி? வேலையெல்லாம் களைப்பில்லாம நடக்குதா?" என்றது ஒரு தேன் குரல். எங்கள் பக்கத்தில் மிரட்டுகிறவன்கூட முதலில் குடும்பம் மொத்தத்தையும் நலம் விசாரித்து முடிக்க வேண்டும். எர்காஷ் அகாவும் வழக்கப்படி அவன் தாய் தகப்பன் நலத்தையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"யாரு தம்பி நீ?"

"திலமுராத், அகாஜான். வெண்பெயர் ஆலோசனை நிறுவனம். உங்க நல்ல பேரைக் காப்பாத்தறது எங்க தொழில்."

"யார்கிட்டேருந்து?"

"எங்ககிட்டேருந்துதான்."

"பணம் குடுக்கலைன்னா என்ன பண்ணுவே?"

"சேச்சே, நாங்க என்ன பண்ணப் போறோம்? மக்கள் பேசுவாங்க. மக்கள் பேசினா யாரால தடுக்க முடியும் சொல்லுங்க."

"உன் மக்களை எல்லாம் கூட்டிட்டு வா, உக்கார வச்சு சோறு போடறேன். காசு கேட்டு வந்தே, கரண்டியாலயே சாத்துவேன். எங்கிட்டேருந்து ஒத்தச் சோம் காசு பேராது!"

போனை வைத்துவிட்டார். என் நாற்காலியில் படுத்திருந்தவர் திறந்த வாயோடு கை தட்டினார்.

மறுநாள் மக்கள் பேச ஆரம்பித்தார்கள். எந்த நாட்டு மக்கள் என்பதுதான் விளங்கவில்லை. "மாலையில் குடும்பத்தோடு போனோம், பலாவ் ஆறிச் சில்லிட்டிருந்தது" என்று ஒரு அம்மாள். ஒரு நட்சத்திரம். "தேநீரை அரைக் கிண்ணம்தான் ஊற்றுகிறார்கள், இவ்வளவு கஞ்சத்தனமா?" என்று ஒரு கனவான். ஒரு நட்சத்திரம். "ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று நம்பி வந்தோம். கடல் தெரியவில்லை. படுக்கை விரிப்பும் ஈரமாக இருந்தது" என்று இன்னொருவர். இவருக்குப் பெரிய மனசு போலிருக்கிறது, இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தார். இதே மூன்றையும் வேறு வேறு பெயரில், வேறு வேறு முகத்தில், சாயங்காலம் வரை எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

கடலாவது பரவாயில்லை. எங்கள் நாட்டில் இருந்த ஒரே கடலையும், அதில் விழுகிற ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பி, எங்கள் பெரியவர்கள் தீர்த்துவிட்டார்கள், அந்த வருத்தம் எங்களுக்கும் உண்டு. ஆனால் அரைக் கிண்ணம் தேநீரைக் கஞ்சத்தனம் என்றவனைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இதையெல்லாம் விளக்க வேண்டிய காலம் வந்துவிட்டதே! விருந்தாளிக்குக் கொஞ்சமாக ஊற்றினால், "இன்னும் இருங்க, சூடா மறுபடி ஊத்தறேன், பேசுவோம்" என்று அர்த்தம். விளிம்பு வரைக்கும் ஊற்றினால், "குடிச்சுட்டுக் கிளம்புங்க" என்று அர்த்தம். மருமகள் மாமியார் கிண்ணத்தைத் தவறி நிரப்பிவிட்டு, பஞ்சாயத்து வரைக்கும் போன வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

அந்த வாரத்துக்குள் கடை மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டுக்குக் கீழே இறங்குகிற கடையின் அடுப்புக்கு, பொதுமக்கள் நலன் கருதி, சிவப்பு அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்று நகராட்சி உத்தரவு இருக்கிறது. முத்திரை வைத்த அடுப்பு அத்தோடு சரி. எர்காஷ் அகாவுக்கு அந்த அடுப்பைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது, வேறு தொழிலும் தெரியாது.

"நற்பெயர் மேம்பாட்டுத் துறைக்குப் போவோம்," என்றேன்.

"நீங்களும் வாங்க டாக்டர். அதிகாரிங்களைப் பார்த்தா என் கை தானா கரண்டியைத் தேடுது."

துறைத் தலைவர் முத்தலிபோவ் எனக்குத் தெரிந்தவர்தான். அவர் வாயில் இருக்கிற முன்வரிசை முழுக்க நான் வைத்தது. புகாரைப் பொறுமையாகக் கேட்டார். கேட்கும்போது தலையாட்டுவதில் அவருக்கு இணை கிடையாது.

"மிரட்டினாங்கன்னு சொல்றீங்க. சரி. பணம் வாங்கினாங்களா?"

"நான் குடுக்கலையே ஐயா."

"அப்ப குற்றம் இன்னும் நடக்கலை. நடக்காத குற்றத்துக்கு நான் எப்படிங்க புகார் எழுதறது? நாளைக்கு மேலிடம் கேட்டா என்ன பதில் சொல்வேன்?"

"சரி, குடுத்துட்டு வந்தா எழுதுவீங்களா?"

"குடுத்துட்டு வந்தீங்கன்னா, நீங்களா மனசார ஒரு சேவையைக் காசு குடுத்து வாங்கியிருக்கீங்கன்னு ஆகும். அதுல குற்றம் எங்கேருந்து வரும்?"

"குடுத்தாலும் இல்லை, குடுக்காட்டாலும் இல்லை. அப்ப எப்பதான் ஐயா குற்றம்?"

"மிக முக்கியமான கேள்வி," என்றார் முத்தலிபோவ். "துறை அதைத்தான் தீவிரமா ஆராய்ஞ்சிட்டு இருக்கு."

எர்காஷ் அகாவின் கை மேசை மேல் எதையோ தேடியது. நான் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, அதெல்லாம் பொய். எழுதினவன் எவனும் இந்த ஊருக்கே வந்ததில்லை," என்றேன்.

"பொய்யின்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது டாக்டர். ஒவ்வொண்ணா முறைப்படி பார்ப்போம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எர்காஷ் அகா, உங்க கடையிலேருந்து கடல் தெரியுதா?"

"கடலா? இந்த ஊர்ல ஏதுங்க கடல்?"

"தெரியுதா, தெரியலையா?"

"தெரியலை."

"அப்ப புகார் உண்மை. தேநீர் அரைக் கிண்ணம்தான் ஊத்தறீங்களா?"

"ஐயா, நீங்களும் இந்த மண்ணுல பொறந்தவர்தானே! உங்க வீட்ல எப்படி ஊத்துவாங்க?"

"என் வீடு துறையோட வரம்புக்குள்ள வராது. அரையா, முழுசா?"

"அரை."

"உண்மை. சாயங்காலப் பலாவ் ஆறிப்போயிருந்ததா?"

"சாயங்காலம் எங்கிட்ட பலாவே கிடையாது!"

முத்தலிபோவ் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "பாருங்க, இது இன்னும் மோசம். பரிசோதனைக்கு வாய்ப்பே குடுக்காம வச்சிருக்கீங்க."

மேற்படி விசாரணையின் பேரில் மூன்று கட்டளைகள் பிறந்தன. ஒன்று, கடையிலிருந்து கடல் தெரிவதற்குத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டு, துறையின் குழு வந்து சரிபார்க்கும் பொருட்டு மாலையிலும் பலாவ் சமைக்க வேண்டும். மூன்று, இனிமேல் தேநீர்க் கிண்ணம் விளிம்பு வரை நிரப்பப்பட வேண்டும். மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் அரக்கு முத்திரை பற்றித் துறை கருணையோடு பரிசீலிக்கும்.

"பேசாம அந்தப் பயலுக்குக் காசைக் குடுத்துத் தொலைச்சிடலாமே அகா," என்றேன் வரும் வழியில்.

"சாகற வரைக்கும் குடுக்க மாட்டேன் டாக்டர். கடல்தானே வேணும்? வச்சிடறேன்."

கடல் வரைய ஒரு பெயிண்டர் வந்தார். ஊர்க் கடைகளுக்கெல்லாம் தர்பூசணியும் பருத்திப் பூவும் வரைகிறவர். கடலை அவர் கண்ணால் கண்டதில்லை. "நம்ம வாய்க்கால் மாதிரிதானே, கொஞ்சம் அகலமா?" என்று கேட்டுக்கொண்டு ஆரம்பித்தார். சுவர் முழுக்க நீலம். கடலுக்குப் பின்னால் பனி மூடிய மலை. கரையில் இடம் மிஞ்சியது என்று ஒரு செம்மறி ஆடு. அது கடலைப் பார்த்து எதற்கோ வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. குழு வந்து பார்த்துவிட்டு, "கடல் திருப்திகரம். அலைகளில் சற்று வேகம் தேவை" என்று குறித்துக்கொண்டது.

சாயங்காலப் பலாவ்தான் அவரை வதைத்தது. "ஒரே நாள்ல ரெண்டு தடவை அண்டா ஏத்தறேன். அடுப்பு மூஞ்சியில முழிக்கவே வெக்கமா இருக்கு," என்றார். குழுவினர் ஆற அமர உட்கார்ந்தார்கள். முதல் தட்டு ஆவி பறக்க வந்தது. சாப்பிட்டார்கள், இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு முத்தலிபோவ் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சூடா இருக்கே?"

"அதைத்தானே ஐயா நான் அப்பவே சொன்னேன்!"

"ஆனா மக்கள் ஆறிப்போச்சுன்னு சொல்லியிருக்காங்க. மக்கள் சொன்னதுக்கும் பலாவுக்கும் பொருந்தலை. கொஞ்சம் காத்திருந்து பார்ப்போம்."

காத்திருந்தார்கள். வால் கொழுப்பு தட்டோரத்தில் வெள்ளையாக உறைகிற வரைக்கும் கட்டிலில் சாய்ந்துகொண்டு பருத்தி விலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஆளுக்கு ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார்கள். "ஆறிவிட்டது. புகார் உறுதி செய்யப்பட்டது" என்று எழுதிக்கொண்டு, மீதியையும் காலி செய்துவிட்டுத்தான் போனார்கள்.

அதற்கப்புறம் தேநீர். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. துறையிலிருந்து ஒரு குமாஸ்தா காலையிலேயே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். பெரியவர்கள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஹைதர் ஓட்டா, ஊருக்கே தாத்தா. ஊரே எழுந்து நின்று மரியாதை கொடுக்கிற மனிதர். எர்காஷ் அகா வழக்கம்போல, சாறு நன்றாக இறங்கட்டும் என்று, மூன்று முறை கிண்ணத்தில் ஊற்றித் திரும்பத் தேநீர்ப் பானையிலேயே கவிழ்த்தார். பிறகு ஊற்றினார். பாதியில் கை நின்றது. குமாஸ்தா தொண்டையைக் கனைத்தான். கை மறுபடி சாய்ந்தது. கிண்ணம் நிரம்பி, விளிம்பில் தேநீர் நடுங்கிக்கொண்டு நின்றது.

 ஹைதர் ஓட்டா கிண்ணத்தைப் பார்த்தார், எர்காஷைப் பார்த்தார்.

"எர்காஷ், நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"இல்லை ஓட்டா, சத்தியமா இல்லை. இது சர்க்கார் உத்தரவு."

"சர்க்கார் என்னை எழுந்து போகச் சொல்லுதா?"

"இல்லைங்க, கிண்ணத்தை மட்டும்தான் நிரப்பச் சொல்லுது."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா," என்றார் கிழவர். கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். தாடியைத் துடைத்துக்கொண்டார். துஆ ஓதி முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்து செருப்பைத் தேடினார். அவர் பின்னாலேயே கட்டில் மொத்தமும் எழுந்தது.  எர்காஷ் அகா காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு, கையில் பானையோடு அப்படியே நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குமாஸ்தா மட்டும் "திருப்தி" என்று எழுதிக்கொண்டான்.

அன்று மத்தியானமே பேரன் பேத்திகளின் போனை வாங்கி, பெரியவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு விமர்சனம் எழுதினார்கள். "என் கிண்ணத்தை நிரப்பிவிட்டான்." அவ்வளவுதான். ஒரே ஒரு நட்சத்திரம். அந்தக் கடை மேல் எழுதப்பட்டதிலேயே உண்மையான விமர்சனங்கள் அவை மட்டும்தான். துறை அவற்றை உடனடியாக நீக்கியது. எல்லாமே ஒரே தெருவிலிருந்து, ஒரே நாளில், ஒரே குற்றச்சாட்டு. போலி என்பதற்கு இதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும் என்று முத்தலிபோவ் என்னிடமே கேட்டார். உலகத்தின் நாலா திசையிலிருந்தும் வந்த மற்றவை மக்களின் பன்முகக் குரலாக அப்படியே இருந்தன, நாளுக்கு நாள் புதிதாகவும் சேர்ந்தன.

ஆக, கடை இரண்டுக்குக் கீழே இறங்கியது. முத்திரை வைக்க நாள் குறித்தார்கள்.

இதற்கிடையில் ஒரு நாள், சாயங்காலப் பலாவ் வாங்க ஆளில்லாமல் ஆறிக் கிடந்த நேரத்தில், தலைநகரிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கிழிந்த மாதிரியே தைத்த கால்சட்டை, கண் நிறைய மை. நாட்டிலேயே மட்டமான கடை எது என்று போனில் தேடியிருக்கிறார்கள், எர்காஷ் அகா கடை முதலில் வந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள்.

"ஐயோ, இங்க பாருடி கடலை! ஆடு அழுவுது!"

"பலாவ் நிஜமாவே ஆறிப்போயிருக்குடி! எழுதினது அப்படியே இருக்கு!"

எர்காஷ் அகா உத்தரவுப்படி கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி வைத்தார். இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "வெளிய போங்கன்னு இவ்வளவு மரியாதையா எங்கடி சொல்லுவாங்க!" என்று படம் பிடித்துப் போட்டார்கள்.

அடுத்த வாரம் தெருவில் நுழைய முடியவில்லை. தலைநகரம் முழுக்கக் கிளம்பி வந்துவிட்டது. ஆட்டோடு நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை, ஆறின பலாவுக்கு ஒரு வரிசை, கிண்ணத்தை நிரப்பி அவமானப்படுத்தச் சொல்லி ஒரு வரிசை. சூடாகப் பலாவ் கொடுத்தால் சண்டைக்கு வந்தார்கள். "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஆற வச்சுக் குடுங்க!" என்றார்கள். எர்காஷ் அகா இன்னொரு அண்டா வாங்கினார், மச்சான்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். முகம் மட்டும் சுவரிலிருந்த ஆட்டின் முகம் மாதிரியே ஆகிவிட்டது.

குறித்த நாளில் முத்தலிபோவ் அரக்கும் விளக்கும் எடுத்துக்கொண்டு அடுப்பை மூட வந்தார். "பெரியவரே, வரிசையில வாங்க" என்று யாரோ பின்னால் தள்ளிவிட்டார்கள். வரிசையில் நிற்கும்போதே மேலிடத்திலிருந்து போன் வந்தது. சுற்றுலா வளர்ச்சியைக் கண்டு மேலிடம் பூரித்துப்போயிருப்பதாகவும், இதை முன்னின்று நடத்திய துறைக்குப் பாராட்டு என்றும் சொன்னார்கள். முத்தலிபோவ் நிமிர்ந்து நின்று "எல்லாம் மூன்று கட்டளைகளின் பலன்தான்" என்றார். கொண்டு வந்த அரக்கை வீணாக்கவும் இல்லை. "பாரம்பரிய ஒற்றை நட்சத்திர உணவகம்" என்று ஒரு சான்றிதழ் எழுதி, அதன் அடியில் அதே அரக்கால் முத்திரை வைத்தார். கூடவே புது உத்தரவும் படித்தார். இந்தப் பட்டம் பெற்ற கடை எக்காரணத்தை முன்னிட்டும் இரண்டு நட்சத்திரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பாரம்பரியத்தைக் கெடுத்த குற்றத்துக்காக அடுப்புக்கு முத்திரை வைக்கப்படும்.

அன்றிலிருந்து ஊரே தலைகீழ். ரொட்டிக்காரர் தன் ரொட்டியைத் திட்டி எழுதச் சொல்லி ஆள் தேடினார். சலூன்காரப் பையன் காதை வெட்டிவிட்டதாகத் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டு ஒரு நட்சத்திரத்துக்கு இறங்கினான். உடனே என் மைத்துனன் வீட்டிலிருந்து வரன் பேச ஆள் அனுப்பினார்கள். வெள்ளைப் பல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னிடம் வந்து, "ஏதாவது ஒண்ணைக் கோணலா வைங்க டாக்டர், அதுதான் இப்ப நல்லா இருக்கு" என்றார்கள். வைத்தேன். கூலி உண்டே.

இப்படி இருக்கையில் திலமுராத் நேரில் வந்தான். மத்தியானக் கூட்டம் கலைந்து, நானும் எர்காஷ் அகாவும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். ஒல்லியான பையன், பளபளக்கிற செருப்பு, கையில் இனிப்புப் பெட்டி. நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

"அகாஜான், சுகமா? வீட்ல எல்லாரும் நலமா? புது அண்டா எப்படி வேலை செய்யுது?"

"நீதானா அந்தக் குரல்?" எர்காஷ் அகா எழுந்திருக்கவில்லை. "இனிமே என்னை என்ன பண்ணுவே? ஒரு நட்சத்திரம் போடுவியா? போடு. இன்னும் நிறையப் போடு. மாலை வாங்கிப் போடறேன் உனக்கு."

"ஐயையோ, ஒரு நட்சத்திரமா? உங்களுக்கு அப்படிக் கெடுதல் நினைப்பேனா?" திலமுராத் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான். "அஞ்சு போடுவேன் அகாஜான்."

எர்காஷ் அகாவின் கையிலிருந்த ரொட்டித் துண்டு அப்படியே நின்றது.

"நாளைக்குக் காலையில விழும். அஞ்சு அஞ்சா விழும். 'ருசியான பலாவ். மத்தியானத்தோட தீர்ந்துடும், சீக்கிரம் போங்க. நேர்மையான மனுஷர். பெரியவங்களுக்கு மரியாதை தெரிஞ்ச கடை. தேநீர் ஊத்தற அழகே அழகு.' இப்படி உலகம் முழுக்கேருந்து எழுதுவாங்க. சாயங்காலத்துக்குள்ள நாலைத் தாண்டிடுவீங்க. மறுநாள் முத்தலிபோவ் ஐயா அரக்கோட வந்துடுவார்."

"டேய், அது அத்தனையும் உண்மைடா!" என்று நான் கத்திவிட்டேன்.

"அதனாலதான் டாக்டர், விலை கொஞ்சம் கூட."

நான் எர்காஷ் அகாவைப் பார்த்தேன். கரண்டியால் சாத்துவேன் என்றவர். சாகிற வரைக்கும் கொடுக்க மாட்டேன் என்றவர். பொய்க்கு அஞ்சாமல் நெஞ்சை நிமிர்த்தி நின்ற மனிதர், தன்னைப் பற்றிய உண்மையைக் கேட்டு வெலவெலத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அடுப்பைப் பார்த்தார். மச்சான்கள் அண்டா கழுவுவதைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கை போயிற்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நோட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ரசீது வேணுமா அகாஜான்? ரசீதுன்னா வரி சேரும்."

"போடா," என்றார் எர்காஷ் அகா. 

திலமுராத் போகும்போது என் பக்கம் திரும்பி, "டாக்டர், உங்க ஆர்டர் இன்னைக்குள்ள ஏறிடும். 'நாற்காலியில் படுத்தால் கடல் தெரியவில்லை'ன்னு. சரிதானே?" என்று கேட்டுவிட்டுப் போனான். எர்காஷ் அகா என்னைப் பார்த்தார். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஊரெல்லாம் இவனிடம் ஒற்றை நட்சத்திரம் வாங்குகிறது, எனக்கும் கடை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பானையை எடுத்து மூன்று முறை ஊற்றிக் கவிழ்த்தார். பிறகு தனக்குத்தானே ஒரு கிண்ணம் ஊற்றினார். குமாஸ்தாவும் இல்லை, விருந்தாளியும் இல்லை, கேட்பார் யாருமில்லை. ஆனாலும் விளிம்பு வரைக்கும் ஊற்றினார். இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தார், முகத்தைத் தடவிக்கொண்டார், செருப்பை மாட்டிக்கொண்டு தன் கடையை விட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் வந்தார். வராமல் எங்கே போவது? வரிசை காத்திருந்தது.

என்ன, உச்சுக் கொட்டுகிறீர்களா? ரொம்பத்தான் யோக்கியம். இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்னால் நீங்களும் போனைத் திறந்து, எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்? சரி, சரி, கோபம் வேண்டாம். தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், உட்கார்ந்து இவ்வளவு நேரம் கேட்டீர்கள், சும்மா அனுப்பக் கூடாது. இந்தாருங்கள், தேநீர். பார்த்துப் பிடியுங்கள், கை சுடும். விளிம்பு வரைக்கும் ஊற்றியிருக்கிறேன்.